மீள்கயிறு வேற, சாட்டைக்கயிறு வேற

எல்லாருக்கும் வணக்கம். படகோட பின்பக்கம் வெளிய மாட்டுற அவுட்போர்டு எஞ்சினை பேட்டரி இல்லாம கையால ஸ்டார்ட் பண்ணி எடுக்குறதுக்கு 'கைமுறைத் துவக்கம்', அதுக்கான கயிறுக்கு 'துவக்குக்கயிறு'ன்னு தமிழ்ச்சொல் முன்வச்சிருக்கீங்க. படிச்ச உடனே புரியுற சொல்லுதான், ஆனா என்னால ஒத்துக்க முடியல, ஏன்னா அந்தக் கயிறு ஒண்ணு இல்ல, ரெண்டு.

சின்ன எஞ்சின்ல மூடிக்கு வெளியவே ஒரு கைப்பிடி இருக்கும், இழுத்துட்டு விட்டா உள்ள இருக்குற ஸ்பிரிங் கயிறைத் திரும்பச் சுருட்டிக்கும். இது ஒண்ணு. இன்னொண்ணு டூல்ஸ் பையில கிடக்குற தனிக் கயிறு, ஒரு நுனியில முடிச்சு, மறு நுனியில பிடி. பேட்டரி செத்தாலோ உள்கயிறு அறுந்தாலோ மூடியைக் கழட்டி, பிளைவீலுக்கு (எஞ்சின் தலையில சுத்துற கனமான சக்கரம்) மேல இருக்குற உறுப்பையும் கழட்டி, முடிச்சை பிளைவீல் வெட்டுல மாட்டி, கோயிலை வலம் வர்ற பக்கமா ரெண்டு சுத்து சுத்தி ஒரே இழுப்பு இழுக்கணும். முதல்ல சொன்ன கயிறு பெரும்பாலான எஞ்சின்ல கியர் விழுந்திருந்தா இழுக்கவே வராது, பூட்டிக்கும். ரெண்டாவதுக்கு அந்தப் பூட்டு கிடையாது. கியர்ல கிடந்தாலும் எஞ்சின் எடுத்துரும், படகு பாஞ்சிரும்.

நான் ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம் பக்கம். ஒரு ராத்திரி பெரியப்பாவோட பைபர் படகுல அதே தீவுல இருக்குற குந்துகாலுக்கு தெக்க கடல்ல நிக்கிறோம், லைட்டு ரொம்ப நேரம் எரிஞ்சதுல பேட்டரி தீந்துபோச்சு, சாவியைத் திருப்பினா சத்தமே இல்ல, நீவாடு, அதான் கடல் நீரோட்டம், வேற ஒரு பக்கமா இழுக்குது. பெரியப்பா "கயிறைப் போட்டு இழுடா"ன்னாரு. வீட்ல இருக்குற சின்ன எஞ்சின்ல கியர் கிடந்தா கயிறு வராது, அதே நெனப்புல நான் கியரைப் பாக்கல. மூணாவது இழுப்புல எடுத்துருச்சு, கியர் முன்னாடி கிடந்துருக்கு, அணியத்துல, படகோட முன்பக்கம், நின்ன மச்சான் பாதி உடம்பு வெளிய போயி விளிம்பைப் பிடிச்சுத் தொங்கிட்டாரு. நான் கியரை இழுத்து நியூட்ரல்ல போடுறதுக்குள்ள உயிர் போய் உயிர் வந்துச்சு. ரெண்டுக்கும் 'கயிறு'ன்னு ஒரே பேரு, நான் ஏமாந்தது அதுலதான். புதுச்சொல்லும் அதே தப்பைச் செய்யக்கூடாது.

அதனால என் பரிந்துரை: தானா திரும்பிச் சுருண்டுக்குறது மீள்கயிறு. சுத்தி இழுக்குறது சாட்டைக்கயிறு. சின்ன வயசுல பம்பரத்துல சாட்டையைச் சுத்தி இழுத்த எவனுக்கும் இதை விளக்கவே வேணாம், முடிச்சு, சுத்து, ஒரே வீச்சு, இழுத்ததும் சாட்டை கையோட வந்துரும், எல்லாம் அப்படியே பொருந்துது. சாட்டைன்னா மாட்டை அடிக்கிறது ஞாபகம் வரும்னு யாராவது சொல்லலாம், 'கயிறு' சேந்து வர்றதால குழப்பம் வராது. வினையாச் சொல்லணும்னா 'சாட்டை போட்டு எடு'. இதைக் கடற்கரையில சொன்னா யாரும் திரும்பிப் பாத்துச் சிரிக்கமாட்டாங்க, எனக்கு அதுதான் முக்கியம்.

'கைமுறைத் துவக்கம்' இருக்கட்டும், பொதுச்சொல்லா. 1909ல ஓலி எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார்ல கயிறே கிடையாது, பிளைவீல் மேல இருந்த குமிழைப் பிடிச்சு கையால சுத்தணும். நம்ம வள்ளத்து டீசல் எஞ்சினை ஹேண்டில் போட்டுச் சுத்துறோமே, அதுவும் கைமுறைதான். எல்லாத்தையும் அதுக்குள்ள அடக்கலாம். ஆனா விளக்கத்துல ஒரு வரி சேத்துருங்க: பழைய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பலதும் பிளைவீல் காந்தத்துலயே தீப்பொறிக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கும், அதனால பேட்டரி செத்தாலும் ஓடும். பெட்ரோலை பம்பு வச்சுப் பீச்சுற புது எஞ்சின்ல அந்தப் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேணும், சில மாடல் எவ்வளவு இழுத்தாலும் எடுக்காது. கைமுறைன்னு ஒரு சொல் இருக்குறதை நம்பி கரை தெரியாத தூரம் போயிரக்கூடாது.

சாட்டைக்கயிறு விளக்கத்துல, நியூட்ரல்ல போட்ட பிறகே இழுக்கணும், கைலி துண்டு எதுவும் தொங்கக்கூடாது, ஓடுற எஞ்சின்ல மூடியைத் திரும்பப் போடக்கூடாது, பிளக் வயரைத் தொடக்கூடாது, இதெல்லாம் சொல்லோடயே வரணும்னு கேட்டுக்குறேன்.

மூணாவதா ஒரு கயிறும் இருக்கு, ஓட்டுறவர் கையில மாட்டிக்கிறது, ஆள் விழுந்தா பிடுங்கிக்கிட்டு எஞ்சின் நின்னுரும். அன்னைக்கு அது கொக்கியில சும்மா தொங்கிட்டு இருந்துச்சு. இங்கிலீஷ்ல இதை 'கில் சுவிட்ச்' கயிறுன்னு சொல்றாங்கன்னு 'கொல்' வர்ற மாதிரி யாரும் மொழிபெயர்க்காதீங்க, அணைப்புக்கயிறுன்னு போடலாமா? தொண்டி, கீழக்கரை, மூக்கையூர் பக்கத்து ஆளுங்க யாராவது உங்க கரையில இந்த மூணையும் என்ன சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு எழுதுங்க, ஏற்கனவே நல்ல பேரு புழக்கத்துல இருந்தா என்னோடதை எடுத்துட்டு அதையே வைப்போம்.