புதுப்பிப்பு: வேலையை விடவில்லை, கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்

மாத அறிக்கை தயாரிக்கும் என் வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டது, இனி இங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். பலர் ‘விட்டுவிடுங்கள்’ என்றீர்கள். விடவில்லை.

ஒருவர் சுட்டிய ஆய்வைப் படித்தேன். ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் இருவரும் 2001இல் எழுதியது. மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களில் சிலர், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்குண்டு என்று நினைத்து, அவர்களிடம் பேசுவது, உதவுவது என்று வேலையையே விரித்துக்கொண்டார்களாம். (சம்பளமும் விரிந்ததா என்பது வேறு கதை.)

சரி, நானும் முயன்றேன். அறிக்கையை மென்பொருள் தருகிறது. எந்த எண் ஏன் குறைந்தது என்று விற்பனைக் குழுவோடு உட்கார்ந்து அலசுவது இப்போது என் வேலை. மேலாளரிடம் பேசி அதைப் பணி விவரத்திலும் சேர்த்தாயிற்று. திங்கட்கிழமை இன்னும் இனிக்கவில்லை. ஆனால் வேறு இடங்களுக்கு விண்ணப்பிப்பதை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறேன்.