சாப்பாட்டில் வைரஸ் தெளிக்கலாமா?

கந்தப்பளைத் தோட்டக்காரன்:
பற்றீரியாவைக் கொல்லும் பேஜ் வைரஸை அமெரிக்காவில் இறைச்சியில் தெளிக்கிறார்களாம். நம்ம மரக்கறிக்கும் கொண்டுவரலாம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. பூச்சிமருந்தையும் ஆபத்தில்லை என்று சொல்லித்தான் விற்றார்கள்.

ஹட்டன் லேப்:
அண்ணே, அமெரிக்காவில் அதற்கு அனுமதி 2006இலேயே வந்தது. ஆறு பேஜ்கள் கலந்த தெளிப்பு, உணவு வழியாக நோய் தரும் லிஸ்டீரியா என்ற பற்றீரியாவுக்கு மட்டும். பேஜ் தனக்குப் பொருந்தும் பற்றீரியாவில்தான் ஒட்டும். உள்ளே பெருகி அதை வெடிக்கவைத்து வெளியே வரும். மனித உயிரணுவில் அது பெருகாது. ஆற்றுத் தண்ணீரிலும் மண்ணிலும் நீங்கள் விற்கும் லீக்ஸிலும் இப்போதே பேஜ் இருக்கிறது. லிஸ்டீரியாதான் பயங்கரம். ஃபிரிட்ஜுக்குள்ளேயே பெருகும். 2017-18இல் தென்னாபிரிக்காவில் பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவி 200 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் பச்சிளம் குழந்தைகள் நிறைய.

கந்தப்பளைத் தோட்டக்காரன்:
காலரா நஞ்சின் மரபணுவைச் சுமப்பதே ஒரு பேஜ்தானே?

ஹட்டன் லேப்:
ஆமாம். அது பற்றீரியாவைக் கொல்லாமல் அதன் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு தங்கும் வகை. உணவுக்கு அந்த வகையை எடுக்கவே கூடாது. மரபணுவை முழுக்க வாசித்துப் பார்த்த அறிக்கை இல்லாமல் யாராவது விற்க வந்தால் நானும் எதிர்ப்பேன்.

தயிர்ச்சட்டி:
எங்களுக்குப் பேஜ் என்றாலே பயம். உறை பற்றீரியாவைத் தாக்கும் பேஜ் புகுந்தால் பால் உறையாது, அவ்வளவையும் கொட்ட வேண்டியதுதான்.

ஹட்டன் லேப்:
அது வேறு பேஜ், அக்கா. லிஸ்டீரியா பேஜ் உங்கள் உறையைத் தொடாது.

கந்தப்பளைத் தோட்டக்காரன்:
சரி, உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கரட் கழுவுகிற இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஓடைத் தண்ணீரைப் பம்பில் இழுத்து, சேறு போகும்வரை அடிப்பார்கள். அதே ஓடையில் மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கழிவு கலக்கிறது. லிஸ்டீரியா போனால் சல்மொனெல்லா என்ற இன்னொரு பற்றீரியா இருக்கும், புழு முட்டை இருக்கும். தெளிப்பு வந்துவிட்டால் லயத்துக்குக் கக்கூஸ் கட்டச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது?

ஹட்டன் லேப்:
சல்மொனெல்லாவுக்கும் தனிப் பேஜ் உண்டு. புழு முட்டையை எந்தப் பேஜும் ஒன்றும் செய்யாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாலட் இலையைச் சமைக்காமல்தானே தின்கிறோம்? சுத்தமான தண்ணீரில் கழுவிய பிறகு கடைசியாகத் தெளிப்பதைத்தான் சொல்கிறேன். கக்கூஸ் வரும்வரை நோயாளி காத்திருக்க முடியாது.

கந்தப்பளைத் தோட்டக்காரன்:
லொறி வந்து நிற்கும்போது முதலில் விட்டுப்போவது கழுவுகிற வேலைதான், தங்கச்சி. கழுவும் தண்ணீரைப் பரிசோதித்த முடிவு ஒவ்வொரு லோடோடும் போகட்டும். அதற்குப் பிறகு தெளிப்பைப் பற்றிப் பேசலாம்.