புதுப்பிப்பு: கொலுத் தாம்பூலப் பைகள் தைத்து முடித்தாயிற்று

கொலுவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்க அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையில் பை தைக்கிறேன், தேங்காய் வைத்தால் கைப்பிடி பிய்ந்து வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

கைப்பிடியை விளிம்போடு ஒற்றைத் தையலில் விட்டதுதான் தவறு. இப்போது துணியை நான்காக மடித்து, நுனியை ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டு, சதுரமாகத் தைத்து, குறுக்கே பெருக்கல் குறி போலவும் ஓட்டினேன். அசையவே இல்லை. அப்புறம், அடி மூலைகளை முக்கோணமாக மடித்துக் குறுக்கே இரண்டு அங்குலத்துக்குத் தைத்தால் தேங்காய் உருளாமல் உட்காருகிறது. இதைச் சொன்னவருக்கு மிக்க நன்றி.

பைக்கு 12க்கு 24 அங்குலத் துண்டு. நைந்த இடங்களை ஒதுக்கியும் 20 பைகள் தேறின. முந்தானையில் வந்த இரண்டு மட்டும் அம்மாவுக்கு.