கணவரிடம் லைசன்ஸ் துப்பாக்கி, வீட்டில் மிரட்டல்: யாரிடம் மனு கொடுப்பது?

தண்டையார்பேட்டை தன்னார்வலர்:
எங்கள் பகுதியில் ஒரு அக்காவுக்காகக் கேட்கிறேன். கணவர் முன்னாள் ராணுவத்தினர், இப்போது வங்கிக் காவலர். சொந்த லைசன்சில் 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கி. டியூட்டி முடிந்ததும் அது வீட்டுக்கு வந்து பீரோ மேல் ஏறிவிடும். குடித்துவிட்டு அடிப்பது ரொம்ப நாளாக நடக்கிறது. இப்போதெல்லாம் துப்பாக்கியை எடுத்துக் கட்டில் மேல் போட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர் (புகாரைப் பெற்றதற்கான ரசீது) கொடுத்து, இருவரையும் உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிட்டார்கள். "லைசன்ஸ் இருக்கேம்மா, நாங்க எப்படிப் பிடுங்க முடியும்" என்கிறார்கள். அமெரிக்காவில் கோர்ட் பாதுகாப்பு உத்தரவு போட்டாலே துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதாமே, இங்கே அப்படி ஏதும் உண்டா? அவர் இல்லாத நேரத்தில் தானே துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடலாமா என்றும் அக்கா கேட்கிறார்.

வக்கீல் குமாஸ்தா:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எடுத்துப் போக வேண்டாம். லைசன்ஸ் கணவர் பெயரில் இருக்கிறது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் லைசன்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்ததாக அக்கா மேலேயே கேஸ் திரும்பலாம். உள்ளே தோட்டா இருக்கிறதா என்பதும் தெரியாது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: லைசன்ஸ் புத்தகம் கையில் கிடைக்கும்போது போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். யு.ஐ.என் எண் (லைசன்ஸ்தாரருக்கான தனி அடையாள எண்), துப்பாக்கியின் எண், லைசன்ஸ் கொடுத்த அலுவலகம், எத்தனை தோட்டாவுக்கு அனுமதி, இந்த நான்கும் தெளிவாகத் தெரிந்தால் போதும். இது இல்லாத மனுக்கள்தான் "விவரம் தருக" என்று திரும்பி வருகின்றன.

இங்கே தானாக வரும் தடை கிடையாது. கேட்டு வாங்க வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005, பிரிவு 12-ல் மனு. கூடவே பிரிவு 23-ல் இடைக்கால உத்தரவு கேட்டு, படிவம் 3-ல் அஃபிடவிட். எதிர்த்தரப்பு வராமலேயே இடைக்கால உத்தரவு போட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. முதல் வாய்தா சாதாரணமாக 3 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு தூரம் நடக்கும் என்று தெரியும். அதனால்தான் 23-ஐ விடக் கூடாது என்கிறேன்.

பலர் தவறவிடும் இடம் இது. ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லும் கோரிக்கையைப் பிரிவு 19-ல் (வீட்டில் வசிப்பது பற்றிய உத்தரவு) மட்டும் வைத்துவிடுகிறார்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் என்கிற பிரிவு 31, பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் பாயும். பாதுகாப்பு உத்தரவு என்பது பிரிவு 18. அதன் கடைசி உட்பிரிவு, உத்தரவில் குறிப்பிடும் வேறு எந்தச் செயலையும் தடுக்கலாம் என்கிறது. ஆகவே "துப்பாக்கியையும் தோட்டாவையும் வீட்டில் வைத்திருப்பது, எடுத்து வருவது, காட்டுவது" என்று 18-ன் கீழேயே எழுதிக் கேளுங்கள். மீறினால் ஜாமீனில் விட முடியாத குற்றம். ஸ்டேஷனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது.

அடுத்தது பிணைப்பத்திரம். பிரிவு 19(3)-ல், இனி வன்முறை செய்ய மாட்டேன் என்று கணவரிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கச் சொல்லிக் கேட்கலாம். 19(4) அந்த உத்தரவைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 8-ஆம் அத்தியாயத்தின் கீழ் போட்ட உத்தரவாகவே கருதச் சொல்கிறது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்-ல் அது 9-ஆம் அத்தியாயம். இப்போது ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 9-ஐத் திறந்து பாருங்கள்: அந்த அத்தியாயத்தின் கீழ் அமைதி காக்கவோ நன்னடத்தைக்கோ பிணைப்பத்திரம் எழுத உத்தரவிடப்பட்டவர், அந்தப் பத்திரக் காலம் முழுக்கத் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. அமெரிக்க மாதிரித் தடைக்கு நம்மிடம் இருக்கும் மிக நெருக்கமான வழி இதுதான். ஆனால் இரண்டு சட்டத்தையும் கோர்த்துக் காட்டாவிட்டால் யாரும் தானாகப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். மனுவிலேயே ஒரு பத்தி எழுதிவிடுங்கள்.

ஆயுத லைசன்ஸ் விவரம்:
குமாஸ்தா சார் சொன்னது கோர்ட் பக்கம். லைசன்ஸ் பக்கம் தனி மனு, இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள். ஆணையர் இருக்கும் ஊரில் ஆயுதச் சட்டப்படி மாவட்ட மாஜிஸ்திரேட் என்பது போலீஸ் கமிஷனர்தான். எனவே மனு வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கு. மணலி, எண்ணூர் என்று வடக்கே போகிறவர்கள் ஆவடி ஆணையரக எல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னாள் ராணுவத்தினர் பலருக்கு லைசன்ஸ் சொந்த மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ கொடுத்திருப்பார்கள். அப்படியானால் ரத்து மனு அந்த அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போக வேண்டும்.

ரத்து, இடைநிறுத்தம் இரண்டும் ஆயுதச் சட்டம் பிரிவு 17(3). எல்லோரும் "பொது அமைதி, பொதுப் பாதுகாப்பு" என்ற காரணத்தை மட்டும் எழுதுகிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உடனே "இது நாலு சுவருக்குள் நடக்கும் புருஷன் பெண்டாட்டித் தகராறு, பொது அமைதி எங்கே வந்தது" என்பார். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே ரத்துக்குப் போதாது என்று உயர் நீதிமன்றங்கள் பல முறை சொல்லியும் இருக்கின்றன. ஆகவே அதே பிரிவின் முதல் காரணத்தையும் பிடியுங்கள்: லைசன்ஸ்தாரர் "எந்தக் காரணத்தாலேனும் தகுதியற்றவர்". குடித்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்து வைப்பது தகுதியைப் பற்றிய கேள்வி, அதற்குத் தெரு அமைதி கெட வேண்டியதில்லை. தேதி, நேரம், யார் பார்த்தார்கள், சி.எஸ்.ஆர் எண் எல்லாம் வரிசையாக இருந்தால், அதிகாரி எழுத வேண்டிய காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி.

அவசரமென்றால் பிரிவு 22. ஒருவர் கையில் ஆயுதம் இருந்தால் பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று மாஜிஸ்திரேட் நம்பினால், காரணம் எழுதி வைத்துவிட்டு வீட்டைச் சோதனை போட்டு எடுத்து வைக்க உத்தரவிடலாம். அவருக்குச் சட்டப்படி வைத்திருக்கும் உரிமை இருந்தாலும் சரி. "லைசன்ஸ் இருக்கே" என்பதற்கு இந்தப் பிரிவே பதில்.

ஒப்படைக்கும்போது ஒரு ஓட்டை உண்டு. பிரிவு 21-படி ஸ்டேஷனிலும் வைக்கலாம், லைசன்ஸ் பெற்ற ஆயுத டீலரிடமும் வைக்கலாம். லைசன்ஸ் உயிரோடு இருக்கும்போது டீலரிடம் தானாகப் போய் வைத்துவிட்டு ரசீதைக் கோர்ட்டில் காட்டுவார்கள், அடுத்த மாதம் திருப்பி எடுப்பார்கள். உத்தரவில் "நீதிமன்ற அனுமதியின்றித் திருப்பித் தரக் கூடாது" என்ற வரி வேண்டும். துப்பாக்கியோடு தோட்டாவும் லைசன்ஸ் புத்தகமும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

லைசன்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் இவ்வளவு சுற்று தேவையில்லை. நேராக எஃப்.ஐ.ஆர்தான்.

ராயபுரம் வாசகி:
அமெரிக்கா பற்றிக் கேட்டதால் சுருக்கமாக. அங்கே கூட்டாட்சிச் சட்டத்தில் இரண்டு தடை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய், பேச வாய்ப்புக் கொடுத்த பிறகு வரும் பாதுகாப்பு உத்தரவு ஒன்று, 1994-ல் வந்தது. குடும்ப வன்முறைச் சிறு குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கான தடை இன்னொன்று, 1996-ன் லாட்டன்பெர்க் திருத்தம். முதல் தடை அரசியல் சாசனப்படி செல்லும் என்று 2024 ஜூனில் ரஹீமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று சொன்னது. ஆனால் அங்கேயும் தடை தாளில் வந்துவிடும், துப்பாக்கியை யார் போய் வாங்கி வருவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் இழுபறி. நம் விதிகளில் அந்த ஒரு இடம் தெளிவாகவே இருக்கிறது: குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006 விதிகளில் விதி 10-படி, மாஜிஸ்திரேட் எழுத்தில் சொன்னால் பாதுகாப்பு அலுவலர் (இந்தச் சட்டத்துக்கென அரசு நியமித்தவர்) போலீஸ் துணையோடு வன்முறையில் சம்பந்தப்பட்ட ஆயுதத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும். "ஆயுதம்" என்றுதான் இருக்கிறது, துப்பாக்கி என்றில்லை. கத்தி, அரிவாளுக்கும் இதே வரி உதவும், நம் பக்கத்து வழக்குகளில் அதுதான் அதிகம் வரும் என்பேன்.

தண்டையார்பேட்டை தன்னார்வலர்:
மூவருக்கும் நன்றி. பாதுகாப்பு அலுவலரை எங்கே பார்ப்பது? லைசன்ஸ் போனால் அவர் வேலையும் போகும், வீட்டு வாடகை எப்படி என்று அக்கா தயங்குகிறார்.

வக்கீல் குமாஸ்தா:
ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை, கலெக்டர் அலுவலகம். அங்கே மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். படிவம் 1-ல் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதுவார்கள், கட்டணம் இல்லை. அறிக்கையில் "மிரட்டினார்" என்று ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை எங்கிருந்து எடுத்தார், எங்கே வைத்தார், குழலை மடக்கித் தோட்டா போட்டாரா, என்ன சொன்னார், குழந்தைகள் அறையில் இருந்தார்களா, அத்தனையும் வர வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-ல் சட்ட உதவி.

வேலை பற்றிய பயம் நியாயமானது. மனுவைப் பாதியில் வாபஸ் வாங்குவதற்கு முக்கியக் காரணமே அதுதான். பிரிவு 20-ல் ஜீவனாம்சம், 19-ல் வீட்டை விட்டு வெளியேற்றாமல் இருக்க உத்தரவு, இரண்டையும் இதே மனுவில் சேர்த்துவிடுங்கள். "டியூட்டி துப்பாக்கியை வங்கியிலேயே வைத்துவிடுகிறேன்" என்று அவர் ஒரு சமரசம் சொல்வார். லைசன்சும் துப்பாக்கியும் அவர் பெயரில் இருக்கும்வரை வங்கி அதைப் பிடித்து வைக்கக் கடமைப்பட்டதல்ல, ஷிப்ட் முடிந்தால் அவர் கையில்தான். ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கையில் எடுத்து மிரட்டுகிற அந்த நேரத்தில் மனுவெல்லாம் கிடையாது, 112. வரும் போலீஸிடம் பி.என்.எஸ் (ஐ.பி.சி-க்குப் பதிலாக வந்த சட்டம்) 351(3), கொலை மிரட்டல் என்று புகார் எழுதிக் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர் பதிவானால் துப்பாக்கியை வழக்குச் சொத்தாகவே கைப்பற்றலாம். பிறகு அவர் அதைத் திரும்பக் கேட்டு மனுப் போடுவார். அந்த வாய்தாவுக்கு அக்கா தரப்பில் ஆட்சேபம் போக வேண்டும், போகாவிட்டால் லைசன்சைக் காட்டி வாங்கிப் போய்விடுவார்.

ஆயுத லைசன்ஸ் விவரம்:
இன்னொன்று. தேர்தல் நேரத்தில் லைசன்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் வாங்கி வைப்பார்கள். "துப்பாக்கி எங்களிடம்தானே இருக்கு, எதுக்கு மனு" என்று அப்போது சொன்னால் நம்பிவிடாதீர்கள். முடிவு வந்த பிறகு ரசீதைக் காட்டினால் அது வீட்டுக்குத் திரும்பிவிடும். இடைநிறுத்த உத்தரவு அதற்குள் கையில் இருக்க வேண்டும்.