சுண்ணாம்புக் கல்லுக்குள் சூடு ஒளிந்திருக்கிறதா?

கிளிஞ்சல்: என் தாத்தா காளவாய் போட்டவர். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டுக் கொதிப்பதைக் காட்டி, "காளவாயில தின்ன சூட்டைக் கல்லு கக்குது"ன்னு சொல்வார். நேற்று அதை இங்கே எழுதினேன். மூடநம்பிக்கை என்று பதில் வந்தது. எனக்கு அது சரியான வேதியியலாகத்தான் படுகிறது.

வேதியியல் டீச்சர்: அப்படி எழுதியது நான்தான். அந்தச் சொல் தப்பு, மன்னிக்கவும். கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். காளவாயிலிருந்து எடுத்த கல் சீக்கிரமே ஆறிவிடும். டின்னில் இறுக மூடி, ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் விட்டாலும் கொதிக்கும். ஒளிந்திருந்த சூடு அத்தனை நாள் எப்படித் தங்கும்? சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு, தண்ணீரோடு சேர்ந்து நீற்றுச் சுண்ணாம்பாகும்போது பிறக்கிற சூடு அது. ஒரு கிலோவுக்குச் சுமார் 1,160 கிலோஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்.

கிளிஞ்சல்: கணக்குப் பார்ப்போம் டீச்சர். காளவாயில் போடுகிற கல்லோ கிளிஞ்சலோ சுமார் 900 டிகிரியில் கரியமில வாயுவை விடும்போது ஒரு மோலுக்கு (துகள்களின் எண்ணிக்கையை வைத்துப் பொருளை அளக்கும் வேதியியல் அளவு) 178 கிலோஜூல் இழுத்துக்கொள்கிறது. நீற்றும்போது 65 வெளியே வருகிறது. பூசின சுவர் காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கி மறுபடி கல்லாகும்போது 113. கூட்டினால் 178. வாங்கின கடனைப் பைசா குறையாமல் அடைத்திருக்கிறதே!

பானைத்தண்ணி: மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படிச் சூட்டை இழுத்துக்கொள்ளும் வெப்பக்கொள் வினைதானே?

வேதியியல் டீச்சர்: இல்லை தம்பி, அது ஆவியாதல். புதுப்பொருள் எதுவும் உண்டாகவில்லை. எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைப் போட்டு டம்ளரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று ஆகும். அது வினை.

கிளிஞ்சல், கூட்டல் சரி. ஹெஸ் என்ற வேதியியலாளர் 1840-ல் சொன்ன விதியே அதுதான்: வினை எத்தனை படியாக நடந்தாலும் மொத்த வெப்பக் கணக்கு மாறாது. ஆனால் கல்லை 900 டிகிரிக்கு ஏற்றிய சூடு வேறு. கல் ஆறும்போதே அது போய்விட்டது. மிஞ்சியது வாயுவைப் பிரித்ததற்கான ஆற்றல். தண்ணீரோ வாயுவோ வந்து சேர்ந்தால்தான் அது சூடாக மாறும். "கல்லுக்குள் சூடு" என்றால் பிள்ளைகள் டீ பிளாஸ்கைத்தான் நினைப்பார்கள்.

கிளிஞ்சல்: ஆற்றல் என்ற சொல்லைத் தாத்தாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, சூடு என்றார். அதை நம்பியதால்தான் குழியில் முதலில் தண்ணீரை நிரப்பிவிட்டு, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார். குவித்த கல்மேல் தண்ணீர் ஊற்ற யாரையும் விடமாட்டார்.

வேதியியல் டீச்சர்: அதில் எனக்குச் சண்டையே இல்லை. தண்ணீர் நிறைய இருந்தால் சூட்டை வாங்கிக்கொள்ளும். கொஞ்சமாக ஊற்றினால் சுண்ணாம்பு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். தாத்தா செய்முறை என்றே வகுப்பில் சொல்கிறேன். "கல்லுக்குள் சூடு" என்று மட்டும் கரும்பலகையில் எழுதமாட்டேன்.