நம்ம குடும்பம் குழு: "கேஸ் முடிஞ்சு போச்சாமே?"

சித்தப்பா: மேலத்தெரு ஆளுங்க சொல்றாங்க, நம்ம பாகப்பிரிவினை கேஸ் முடிஞ்சு போச்சாம். கோர்ட் ஆப்ல 'டிஸ்போஸ்டு' (முடிக்கப்பட்டது)ன்னு வருதாம். வக்கீல் போனை எடுக்கல

அத்தை: ஐயோ தோத்துட்டோமா

ரவி: நானும் பார்த்தேன். அப்படித்தான் காட்டுது

சிரஸ்தார் (கோர்ட் தலைமை எழுத்தர்) மாமா: யாரும் பதற வேண்டாம். சிஎன்ஆர் நம்பரை, அதாவது கம்ப்யூட்டர்ல நம்ம கேஸுக்குன்னு இருக்கிற தனி எண்ணை, இங்கே போடுங்க.

கவி: ஓ.எஸ். நம்பர்தான் இருக்கு மாமா, கோர்ட்ல கொடுத்த அசல் வழக்கு எண்

சிரஸ்தார் மாமா: அது வேற, இது வேற. சிஎன்ஆர் மொத்தம் 16 இடம். முதல் ரெண்டு எழுத்து மாநிலம், அடுத்த ரெண்டு மாவட்டம், அதுக்கடுத்த ரெண்டு கோர்ட். பிறகு 6 இலக்க வரிசை எண், கடைசி 4 வருஷம். நடுவுல கோடு, இடைவெளி எதுவும் போடக் கூடாது. ஓ.எஸ். நம்பரும் வருஷமும் கொடுத்துத் தேடினாலும் பக்கம் திறக்கும், அதுல இந்த நம்பர் இருக்கும். பேரை வெச்சுத் தேடாதீங்க, ஆங்கில எழுத்து ஒண்ணு மாறினாலும் வராது.

ரவி: 📷

அத்தை: ரவி உங்க அப்பா திதி எந்தத் தேதின்னு கேட்டுச் சொல்லு

ரவி: கேக்கறேன் அத்தை

சிரஸ்தார் மாமா: பார்த்துட்டேன். 'டிஸ்போஸ்டு'க்குக் கீழே எப்படி முடிஞ்சதுன்னு ஒரு வரி இருக்கே, அதை ஒருத்தரும் படிக்கலையா? முதல்நிலைத் தீர்ப்பாணை, அதுவும் எதிர்த்தரப்பு எதிர்த்து வாதாடி வந்தது. நமக்குப் பாதி பங்கு உண்டுன்னு ஆயிடுச்சு.

சித்தப்பா: அத்தான்!! ஜெயிச்சுட்டோம்

சிரஸ்தார் மாமா: பங்கு உண்டுங்கறது மட்டும்தான் முடிவாச்சு. எந்தப் பக்கம், எத்தனை சென்ட், கிணறு யாருக்குங்கறது இனிமேல்தான். கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனரா போட்டு, அவர் சர்வேயரோட அளந்து, அறிக்கை வந்து, ஆட்சேபணை கேட்டு, அப்புறம் இறுதித் தீர்ப்பாணை. அதையும் முத்திரைத்தாளில் எழுதினாத்தான் நிறைவேற்ற முடியும்.

கவி: அப்போ ஏன் முடிஞ்சதுன்னு போடறாங்க?

சிரஸ்தார் மாமா: கணக்கு அப்படி. பெஞ்ச் கிளார்க் தினமும் அடுத்த வாய்தா, கேஸ் எந்தக் கட்டம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. அதுதான் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்புக்குப் போகுது, 2015ல மக்களுக்குத் திறந்தது. தீர்ப்பு சொன்னதும் ஓ.எஸ். நிலுவைக் கணக்குல இருந்து கழிஞ்சிடும். இறுதித் தீர்ப்பாணை மனு ஐ.ஏ.வா, அதாவது அந்த வழக்குக்குள்ள போடற இடைமனுவா ஓடும், அசல் வழக்குக் கணக்குல தெரியாது. மனுவுக்குக் காத்திருக்காம கோர்ட்டே அடுத்த கட்டத்துக்குப் போகணும்னு உச்ச நீதிமன்றம் 2022லயே சொல்லியிருக்கு. ஆனாலும் நாம கேட்டு வாங்கணும்.

ரவி: அதே தளத்துல நம்ம கோர்ட்ல இந்த மாசம் தாக்கலானதைவிட முடிச்சது அதிகம்னு இருக்கு மாமா. நல்ல கோர்ட்தானே?

சிரஸ்தார் மாமா: அந்த ஒரு எண்ணை வெச்சுச் சொல்லாதே. 100 தாக்கலாகி 110 முடிஞ்சா 110 சதவீதம். அந்த 110ல லோக் அதாலத் சமரசம் எத்தனை, வாதி வராம தள்ளுபடியானது எத்தனை? எதிர்த்து நடத்தி முடிஞ்சதைத் தனியா பாரு. 10 வருஷத்துக்கு மேல் கிடக்கிற கேஸ்னு இருக்கிற பெட்டியைத் திறந்து பாரு, அது குறையலேன்னா பழைய கேஸ் அப்படியே கிடக்குன்னு அர்த்தம். தாமதக் காரணமும் அங்கே இருக்கு: வக்கீல் வரல, தடை உத்தரவு, இறந்தவரோட வாரிசு சேர்க்கல...

சிரஸ்தார் மாமா: இந்தக் கடைசிக் காரணம் நமக்கும் வந்துடக் கூடாது. ரவி, அப்பாவோட இறப்புச் சான்று, தாசில்தார் வாரிசு சான்று ரெண்டும் வேணும். அம்மா, நீ, தங்கச்சி மூணு பேரும் வக்காலத்துல கையெழுத்துப் போடணும்.

ரவி: அவகிட்ட நான் பேச மாட்டேன்

அத்தை: கல்யாணத்துல ஆரம்பிச்சது இன்னும் விடலையா நீ. அவளும் அண்ணன் பொண்ணுதானே

சிரஸ்தார் மாமா: பேசறது பேசாதது உங்க விஷயம். அவளை விட்டுட்டு மனு போட்டா எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே பிடிச்சுக்கும். கையெழுத்துப் போடலேன்னா எதிர்மனுதாரரா சேர்க்கலாம், ஆனா நோட்டீஸ் அவ கைக்குப் போய்ச் சேர்றதுக்கே மாசக்கணக்கு.

கவி: நான் அக்காகிட்ட பேசறேன்

ரவி: 👍

சித்தப்பா: அவங்க அப்பீல் போவாங்களா அத்தான்

சிரஸ்தார் மாமா: சப் கோர்ட் தீர்ப்பு, மாவட்டக் கோர்ட்டுக்குப் போக 30 நாள். நகல் வாங்கற நாள் அதுல சேராது. நாம இப்பவே கேவியட் போடணும், நமக்குத் தெரியாம உத்தரவு போடக் கூடாதுன்னு கேக்கற மனு, 90 நாள் செல்லும். தீர்ப்பு, தீர்ப்பாணை ரெண்டுக்கும் நகல் மனுவும் போடணும்.

சித்தப்பா: திங்கள் எனக்கு ஆகாது. ரவி போறியா

அத்தை: திங்கள்தான் திதின்னு நினைக்கிறேன்

ரவி: அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்

சிரஸ்தார் மாமா: யார் போனாலும் சரி, ஓ.எஸ். நம்பரோட தீர்ப்புத் தேதியையும் எழுதிட்டுப் போங்க. தேதி தப்பாப் போட்டா நகல் மனுவைத் திருப்பிடுவாங்க.