சுண்ணாம்புக் காரைச் சுவரில் நிலநடுக்க விரிசல்: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் கட்டடம் நூறு வருடம் தாண்டியது. செங்கல், சுண்ணாம்புக் காரை. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜன்னல் மூலைகளிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடுகிறது. அதைவிடப் பயமாக இருப்பது, இரண்டு சுவர்கள் சேரும் மேல்மூலை. அங்கே விரிசலுக்குள் என் விரல் நுழைகிறது, கீழே வர வர விரிசல் மெலிகிறது. சுவர் வெளிப்பக்கம் சாய்கிறது என்றுதானே அர்த்தம்? 2015 நேபாள நிலநடுக்கத்தில் காட்மாண்டுவின் தரஹரா கோபுரம் இடிந்து அடிப்பகுதி மட்டும் மிஞ்சி நின்ற படம் கண்ணைவிட்டுப் போக மறுக்கிறது.

கொத்தனார் சிமென்ட் வைத்துப் பூசலாம் என்கிறார். மனசு ஒப்பவில்லை. சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்தால் பழைய செங்கல் பொரிந்துவிடுமே.

விரிசலுக்குள் சுண்ணாம்புக் கரைசல் செலுத்தி, எதிரெதிர்ச் சுவர்களை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டியவர்கள் இருக்கிறீர்களா? கம்பியை எந்த மட்டத்தில் வைத்தீர்கள்? மரத்தளத்தோடு எப்படிப் பிணைத்தீர்கள்? விரிசல் இன்னும் விரிகிறதா என்று தெரிய, அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதியிருக்கிறேன். அந்த மூலை இருக்கும் அறைக்குள் இப்போது யாரையும் விடுவதில்லை.